தகரக் கூரைக்காகப் போட்ட டிக்

எந்தக் கிழமை எந்தப் படகு எத்தனை நிமிடம் தாமதம், எந்த மாதம் கப்பலில் வெங்காயம் வரவில்லை என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். அதில் எழுதாமல் விட்ட ஒரே ஒரு காரியம் 2011இல் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது.

சுனாமிக்குப் பிறகு பாம்பூஃப்ளாட்டில் ஆறு வருடம் அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகர ஷெட் வரிசையில் இருந்தோம். எங்களுக்கும் பக்கத்து ஷெட் அக்காவுக்கும் நடுவே ஒரு தகரம்தான் சுவர். அக்காவின் கணவர் கார் நிக்கோபாரில் பவர்ஹவுஸ் ஆபரேட்டர். அலை வந்த காலையில் டியூட்டியில் இருந்தார், உடல் கிடைக்கவில்லை. ஷெட்டைக் காலி செய்தபோது நாங்கள் புரோத்ராபூரில் கான்கிரீட் வீடு ஒன்றுக்கு வாடகைக்கு வந்தோம். அக்கா கடல் தாண்டி மெயின்லேண்டில் மகளோடு போய் இருப்பதென்று முடிவாகி, கப்பல் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் குரல் உங்களிடம் இருக்கிறதாமே, ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

இருந்தது. சுனாமிக்கு ஆறு மாதம் முன்பு, அப்போதே பழக்கமாகி, லீவில் வந்திருந்தவரை ஒரு மழைப் பிற்பகலில் என் பழைய வீட்டில் உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர் குடும்பம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கதை. பதினோரு நிமிடம். அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அலுவலக மேசை இழுப்பறையில் கிடந்த சிடி மட்டும் பிழைத்தது. அவருடைய குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

என் கணினியில் தனியாக சவுண்ட் கார்டு கிடையாது. போர்டோடு சேர்ந்து வந்ததுதான். ஸ்பீக்கர் துளையில் செருகினால் மின்சாரத்தின் இரைச்சலும் கூடவே வரும். ஆனால் பின்பக்கம் சிவப்பு வெளிச்சம் தெரிகிற ஆப்டிகல் துளை ஒன்று இருந்தது. அதன் வழியே ஒலி எண்களாகவே ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். ஆம்ப்ளிஃபயர், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி கப்பலேறுவதற்கு முன் விற்றுவிட்டுப் போனது. இங்கே பாதி வீடுகளில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான்.

அக்கா படகில் சாத்தம் துறைக்கு வந்து, பஸ் பிடித்து, ஞாயிறு காலை வந்து உட்கார்ந்தார். போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நிறுத்துங்க தம்பி" என்றார். "வார்த்தை அவரோடதுதான். பேசுறது யாரோ ரேடியோக்காரன் மாதிரி இருக்கு."

ஏழு வருடத்தில் அக்காவின் நினைவுதான் மாறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். டீ குடித்துவிட்டு அவர் போன பிறகு ஆம்ப்ளிஃபயரின் முகப்பைப் பார்த்தேன். 48 என்று காட்டியது. சிடியிலிருந்து எடுத்த என் கோப்பு நொடிக்கு 44,100 எண்கள், வருவதோ 48,000. நடுவே கணினி தன் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டு வேறு எண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அக்காவைச் சந்தேகித்ததற்கு வெட்கமாக இருந்தது.

படகுத்துறைப் பக்கம் கணினிக் கடை வைத்திருந்த, எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெங்காலிக்காரரிடம் போனேன்.

"ஆவாஸ் வருதா, இல்லியா?"

"வருது தாதா. ஆனா மாறி வருது."

"மாறி வந்தா க்யா? வந்துச்சு நா. ஊர்ல எல்லாம் சத்தம் வரலேன்னு வருது. நீ ஒருத்தன்தான் சத்தம் வருதுன்னு கம்ப்ளைண்ட் கொண்டுவந்திருக்கே."

அவரைக் குறை சொல்ல முடியாது. இணையத்தில் தேடினேன், ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும் வேகம். அங்கே ஒரு சோதனை கிடைத்தது. சினிமாத் தியேட்டர் முறையில் பொதிந்த ஒலிக் கோப்பு ஒன்றை ஓடவிட வேண்டும். எண்கள் மாறாமல் போய்ச் சேர்ந்தால் ஆம்ப்ளிஃபயர் அதைப் புரிந்துகொண்டு ஒரு விளக்கை எரியவிடும். வழியில் கொஞ்சம் மாறினாலும் வெறும் இரைச்சல்தான்.

முதல் வாரம் இரைச்சல். வேகத்தை 44.1க்கு மாற்றினேன்; முகப்பில் எண் சரியாக வந்தது, விளக்கு எரியவில்லை. திரையில் சத்தத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தாலும் எண்கள் மாறிவிடுமாம். அதை முழுக்க ஏற்றினேன். இரைச்சலும் ஏறியது. அலுவலகம், படகு, பஸ், பிறகு இந்த இரைச்சல் என்று நாட்கள் போயின. அந்த வாரங்களின் நாட்குறிப்பில் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்றாவது வாரம், அமைப்புகளின் உள்ளே இன்னொரு பக்கம் திறந்தது. அங்கே ஒரு சிறிய கட்டம், அதில் டிக்.

அதைப் போட்டது நான்தான். தகரத்தின் மேல் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சினிமா எங்கே கேட்கும்? மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிற வசதி அது. முதலில் எங்கள் ஷெட்டில் போட்டேன். பிறகு வரிசையில் கணினி வைத்திருந்த எல்லோரும் என்னைக் கூப்பிட்டுப் போடச்சொன்னார்கள். எங்களுக்கு அது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி ஆகிவிட்டது. தாழ்ப்பாள் போட்டதை யார் நாட்குறிப்பில் எழுதுவார்கள்?

டிக்கை எடுத்தேன். அப்போதும் விளக்கு எரியவில்லை. வேறெந்த ஒலியும் வந்து கலக்காதபடி ஒலிப் பாதையைத் தனக்கு மட்டுமாகப் பிடித்துக்கொள்கிற பிளேயர் வேண்டியிருந்தது. அதை இறக்க மூன்று நாள். சனிக்கிழமை மாலை நாலேகாலுக்கு விளக்கு எரிந்தது. சந்தோஷம் வரவில்லை. நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா மறுபடி வந்தார். இந்த முறை நிறுத்தச் சொல்லவில்லை. அக்காவின் கணவர் வாக்கியத்தை உரக்கத் தொடங்குவார், முடிக்கும்போது தனக்குத்தானே பேசுகிற மாதிரி இறங்கிவிடுவார். அந்த இறக்கம் திரும்பி வந்திருந்தது. அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பதினோரு நிமிடமும் கேட்டார். பதிவின் கடைசியில் கணவர் எழுந்திருக்கும்போது ஏதோ சொல்கிறார். அது மழையில் அமுங்கிப்போனது.

எனக்கு அந்த வார்த்தைகள் தெரியும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்திய அந்தக் கெட்டுப்போன ஒலியில் அவை தெளிவாகக் கேட்டிருந்தன. "குடைய எங்க வச்சேன்" என்கிறார். அவ்வளவுதான்.

"கடைசியில ஏதோ சொல்றாரு அக்கா. பழையபடி டிக் போட்டா அது கேக்கும். போடவா?"

அக்கா முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தார்.

"வேணாம் தம்பி. வீட்லயும் கடைசி வார்த்தை எனக்குக் கேக்காது. என்னான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்பாரு. இதான் அவரு. விடுங்க."

கோப்பைப் பென் டிரைவில் போட்டு, மகள் வீட்டுக் கணினியில் எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் டிக்கெட் வைத்திருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். திரும்பி வந்து நாட்குறிப்பைத் திறந்து, டிக் எடுத்தாகிவிட்டது என்று எழுதினேன். குடையைப் பற்றி எழுதவில்லை.