லிஃப்ட்காரருக்குக் கேட்ட குரல்

லிஃப்ட் பழுது பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'தான். ஒரு மத்தியானம் துணிக்கடை லிஃப்டின் கூண்டு மேல் உட்கார்ந்து, இரும்பு வடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே இருட்டுக்குள்ளிருந்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்று செத்துப்போன அக்கா கேட்டாள்.

தாயில்லாத வீட்டில் அவருக்கு ஊட்டி வளர்த்தவள் அக்காதான். அதனால் முதலில் பயம் வரவில்லை, கண்தான் கலங்கியது. போகப்போகக் குரலில் விஷம் ஏறியது.

"உன் பொண்டாட்டி வைக்கிறதைத் தொடாதே. என்னமோ கலக்குறா."

அன்றிலிருந்து உறை பிரிக்காத பிஸ்கட்டும் மூடி திறக்காத சோடாவும்தான் அவர் சாப்பாடு. மனைவி தட்டோடு அறை வாசலில் நிற்பாள். அவர் உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். வேலையும் போனது.

மனைவி கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை குரலைத் தணித்ததே தவிர அடியோடு நிறுத்தவில்லை. கூடவே அகோரப் பசி. உடம்பு ஊதிப்போய்ச் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. "இனிமே என்னைத் தூக்கத் தனியா ஒரு லிஃப்ட் வேணும்" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

புதிதாக வந்த டாக்டரம்மா சொன்னார்: "மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதோட சாப்பாட்டையும் மாத்திப் பார்ப்போம். சர்க்கரை, பிஸ்கட், மாவுப் பண்டம் எல்லாம் வேண்டாம். முட்டை, கறி, கீரை சாப்பிடுங்க. உங்களுக்கு உதவுமான்னு பார்த்தாதான் தெரியும். அடிக்கடி ரத்தம் சோதிக்க வரணும்."

"திறந்த சாப்பாடாச்சே" என்றார் அவர்.

"பக்கத்துல நின்னு பாருங்க. முதல் வாய் நான் சாப்பிடுறேன்" என்றாள் மனைவி.

அப்படித்தான் நடந்தது. அவள் முட்டை பொரிப்பாள், அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். ஆரம்பத்தில் தலைவலி, எடுத்ததற்கெல்லாம் வள்ளென்று விழுந்தார். சில மாதங்களில் அக்காவின் குரல் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலத் தேய்ந்தது. ஒருநாள் காலையில் அதுவும் இல்லை.

மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருக்கோ அக்கா இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்தது. யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விட்டார். பேக்கரிக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துத் தின்றபடி, "அக்கா, அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பார்.

குரல் வந்தது. ஆனால் அக்காவுடையது இல்லை. ஒருநாள் அவர் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, அதைச் சாப்பிடாதீங்க. செத்துப்போவீங்க." எட்டிப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை.

அவள் கடையிலிருந்து திரும்பியதும், "இப்போ உன் குரல்ல பேசுது" என்றார்.

அவள் கையிலிருந்த பையை இறக்கி வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "நான் என்ன சொன்னேன்?"

மறுபடியும் ஆஸ்பத்திரி, மாத்திரை, முட்டை, கீரை. குணமானது எதனால் என்று டாக்டரம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பட்டறை ஒன்றில் மோட்டார் பிரித்து மாட்டும் வேலை கிடைத்தது. வீட்டில் இப்போது சத்தமில்லை. இருந்தும், அடுத்த அறையிலிருந்து மனைவி கூப்பிட்டால் அவர் அசைய மாட்டார். அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எதிரே வந்து நிற்பாள். அவர் தன் உதட்டைப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகே பேசத் தொடங்குவாள்.