லூர்து அக்கா பவுடரைத் திருடவில்லை

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். எங்கள் கோழிப் பண்ணையில் லூர்து அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். அப்பா கண்ணில் பட்டால் என் படிப்பு நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீனி மூட்டை இறக்க வந்த செல்வம் அண்ணன்தான் செய்தி சொன்னார். "நம்ம லூர்து போயிடுச்சு சார். கோரிமேட்டு ஆஸ்பத்திரில. மஞ்சக்காமாலையாம்."

அப்பா மூட்டைகளை எண்ணியபடியே, "கை சுத்தமில்லாத பொம்பள. போய்ச் சேந்துட்டா," என்றார். நான் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். 

பஞ்சாலை வேலை போன பிறகு எங்களிடம் வந்தவர் அக்கா. கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கியதும் எடை சொல்வார்; தராசும் அதையே சொல்லும். உரித்த கோழியின் நெஞ்சுக்கறியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பள்ளம் எழும்பி வராவிட்டால், "இது கோழியில்ல, ஊறவச்ச பஞ்சு. ஞாயித்துக்கிழம மாதா கோயில் பூசை முடிஞ்சு வர்ற சனம் நம்ம மூஞ்சிலயே விட்டெறியும்," என்பார்.

போன வருஷம் தீனிக் கம்பெனிக்காரர் ஒரு டப்பா என்சைம் பவுடர் கொண்டுவந்தார். தீனியைக் கோழி முழுதாகச் செரிக்க உதவும், சீக்கிரம் வளரும், கறியும் கெட்டியாக இருக்கும் என்றார். ஒரு கொட்டகைக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார் அப்பா. அக்கா அந்தக் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். "இதுக்குள்ள இருக்கறதெல்லாம் வெள்ளக்கார முசியே மாதிரி, பவுடர் போட்ட சாப்பாடு. அந்தாண்ட இருக்கறது நம்மள மாதிரி," என்று சிரித்தார்.

அக்கா தினமும் விடியற்காலைப் பூசைக்குப் போவார். அவர் வருவதற்குள் தீனி கலந்து வைக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாமல் நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "பாப்பா, பவுடரை மொதல்ல ஒரு படி தவிட்டுல நல்லா கலந்துக்கோ. அப்புறம் குவியல்ல சேரு," என்று சொல்லிக்கொடுத்திருந்தார். எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிடும். சீக்கிரம் கரையட்டும் என்று, குளிக்க வைத்திருந்த வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க மொண்டு, அதில் பவுடரைக் கரைத்துத் தீனியில் ஊற்றினேன். மார்கழி முழுக்க அப்படித்தான் செய்தேன்.

சிவப்புத் துணிக் கோழிகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம்கூட எடை ஏறவில்லை. கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். "பவுடர் கோழி வயித்துக்குப் போகல சார். வேற எங்கயோ போயிருக்கு."

"யாரு கலந்தது?" என்றார் அப்பா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நான்தான்," என்றார் அக்கா.

"எவன்கிட்ட வித்த?"

"மில்லுல பதினாலு வருஷம் நூலுக்கு நடுவுல நின்னவ சார் நான். ஒரு முழம் எடுத்ததில்ல. கோழி மருந்தையா எடுத்துட்டுப் போவேன்?"

அப்பா அன்றே அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்.

மாசியில் அறிவியல் டீச்சர் நொதிகள் பாடம் நடத்தினார். வெப்பம் மிகுந்தால் நொதி செயலிழந்துவிடும் என்று பலகையில் எழுதினார். நொதி என்றாலும் என்சைம் என்றாலும் ஒன்றுதான் என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கொதிக்கும் வெந்நீர்தான் கண்ணில் நின்றது.

பள்ளி விட்டதும் உப்பளம் பகுதியில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, "அப்ப கோழி மேலயும் குத்தமில்ல, பவுடர் மேலயும் குத்தமில்ல," என்றார். "அப்பாகிட்ட சொல்லிடாத. படிப்ப நிறுத்திப்புடுவாரு. எனக்கு வேற பண்ணை கிடைக்கும் போ."

கிடைக்கவில்லை. போன இடத்துக்கெல்லாம் திருடி என்ற பேர் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

கொட்டகைக் கதவிலிருந்து அவிழ்த்த சிவப்புத் துணி என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. அக்கா சொன்ன "நான்தான்" என்ற வார்த்தையும் என்னிடமே இருக்கிறது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். யாருக்கும் காட்டாதீர்கள் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

"இன்னும் விளக்கு எரியுது? என்னா எழுதற?"

அப்பாதான். தாளை மறைக்க நேரமிருக்கிறது. மறைக்கவில்லை.