முழங்கைவரை ஒரு நெட்டு

புது நெட்டுக்கு ஒரு மணம் உண்டு. கஞ்சி போட்ட துணியும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தாற்போல் இருக்கும். போன வாரம், கல்யாணம் நிச்சயமான அக்கா மகள் ஜெனியோடு மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணக் கடைக்குள் நுழைந்ததும் அந்த மணம்தான் முதலில் மூக்கில் ஏறியது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண் தலையில் போடும் வலைத்துணிக்கு நெட்டு என்றுதான் பெயர். கடைப்பெண் ஒன்றை எடுத்து உதறினாள். அது மேசையைத் தாண்டி, நாற்காலியைத் தாண்டி, என் காலடிவரை வந்தது. "இப்ப எல்லாரும் கேக்கியது இதாக்கும்" என்றாள்.

எனக்குக் குவைத் நெட்டு ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் கடற்கரைத் தெருவில் அதற்கு அப்படித்தான் பெயர். நாலு வீடு தள்ளியிருந்த மேரி மாமியின் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. மாமி நல்ல உயரம், அவளுக்குப் பொருந்தியிருக்கும். அதன்பிறகு தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாமி அதை மடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பெண் உயரமோ குட்டையோ, சேலை வெள்ளையோ சந்தனமோ, நெட்டு அது ஒன்றுதான். நீளம் கூடினால் கல்யாணத்துக்கு மதிப்புக் கூடும் என்று தெருவே நம்பியது. பலன், எங்கள் தெரு ஆல்பங்களில் மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பெண் யாரென்று சொல்ல வேண்டும். கோயிலுக்கு நடந்து போகிற வழியில் ஒரு பெண்ணின் நெட்டு கடல்காற்றில் பறந்து பேண்டுக்காரரின் குழலில் சுற்றிக்கொள்ள, பாட்டே நின்றுபோனதும் உண்டு.

அக்கா குள்ளம். அவளைவிடச் சின்னவளான என் தோளுக்குத்தான் வருவாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வழக்கம்போல மாமி வந்து நெட்டை அவள் தலையில் போட்டுப் பார்த்தாள். மாமி ஒதுங்கியதும் அலமாரிக் கண்ணாடியில் அக்காவைக் காணோம். கொசுவலை ஒன்றுதான் நின்றது. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மாமி போனபிறகு, "இது எனக்கு வேண்டாம்" என்றாள்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏட்டி, தெருவுல எல்லாரும் இதத்தானே போட்டாவ. மாமி என்ன நெனைப்பா?"

"எல்லாருக்க மொகத்தையும் ஆல்பத்துல கண்டியளா? எனக்க கல்யாணத்துல எனக்க மொகம் தெரியணும். அம்புட்டுதான்."

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியபோது மூச்சுக் காட்டாதவள். இவர்தான் மாப்பிள்ளை என்றபோதும் தலையாட்டியவள். இந்த ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

அப்போது நான் கருங்கலில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்ததுமே உலகத்துத் துணியெல்லாம் தெரிந்த நினைப்பு. அக்கா என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, கல்யாணச் சேலையையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்த சேலை. சந்தன நிறம், மெல்லிய சரிகை. முதல் கடையில் பார்த்ததையே நான் பிரமாதம் என்றேன். அக்கா அதையும் சேலையையும் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போய்விட்டாள். வெயிலில் நெட்டு நீலத்தில் முக்கியெடுத்த வெள்ளை. அதன் பக்கத்தில் புதுச்சேலை பழம்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல மங்கிப்போயிற்று.

"வெளிய கொண்டு போவாத பிள்ளே, அழுக்காவும்" என்று கடைக்காரர் சத்தம் போட்டார்.

"கல்யாணம் டியூப்லைட்டுக்கு அடியிலயா நடக்கு? கோயிலுக்கு வெயில்லதானே நடக்கணும்?"

இப்படியே கடைகடையாக ஏறி இறங்கினோம். என் கால் கெஞ்சியது. அக்காவுக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. கடைசிக் கடையில் கிடைத்தது: சந்தன வெள்ளை, வெறும் ஓரம், முழங்கைவரை நீளம். ஓரத்தில் சரிகை லேஸ் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று நான் என் தொழில் ஞானத்தைக் காட்டினேன். "சேலையில சரிகை இருக்கு. நெட்டும் மினுங்குனா, பொறவு நா எங்க?" என்றாள்.

மறுநாள் குவைத் நெட்டை அவளே மாமியிடம் கொண்டுபோனாள். "மாமி, நெட்டு நா வாங்கிட்டேன். ஆனா குத்திவிட நீங்கதான் வரணும்." மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். என்றாலும் கல்யாணத்தன்று எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். வாயில் பின்களைக் கவ்விக்கொண்டே, "கொள்ளாம் பிள்ளே. ஒனக்க மொகத்துக்கு இதுதான்" என்றாள்.

கோயில் படியில் காற்று நெட்டைப் பின்னால் தள்ளிய நேரத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அக்கா நேராகப் பார்க்கிறாள், கேட்டதை வாங்கிவிட்டவளின் பார்வை. பிறகு என் கல்யாணத்துக்கு நான் வாயைத் திறக்காமல் குவைத் நெட்டையே போட்டேன். என் ஆல்பத்தைப் பார்த்து என் மகனே "இது யாரு?" என்று கேட்டான்.

ஜெனி தவழ்ந்துகொண்டிருந்தபோது அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை இன்னொரு படம் எடுத்துவைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஜெனி போனைத் திறந்து அந்தப் படத்தைக் கடைப்பெண்ணிடம் காட்டினாள். "எனக்கு இந்த நீளம் போதும்க்கா. எனக்க அம்மைக்க மொகம் எனக்கு இதுலதான் தெரியும்."

பிறகு தன் கல்யாணக் கவுனையும் கடைப்பெண் எடுத்துத் தந்த குட்டை நெட்டையும் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு நடந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி இப்போது இல்லை. குவைத் நெட்டைப் பூச்சி அரித்தது. எங்கள் தெருவில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது. கடைகடையாக ஏறி வாங்கிய அந்த முழங்கை நெட்டு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அக்கா பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய முகம் மட்டும் அவள் பிள்ளையின் கையில் இருக்கிறது.