நிலவுக்கான செங்கல்

அவர் கண்டுபிடித்ததை நான் ஓர் ஆய்விதழில் என் பெயரில் மட்டும் கட்டுரையாக வெளியிட்டேன். பாயான் லெப்பாஸில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உலை பார்த்தவர் அவர். ஒல்லியான ஆள், புருவம் எப்போதும் கருகியிருக்கும். நிலவுக்குத் தண்ணீர் சுமக்காமல், அங்குள்ள மண்ணை உருக்கிய கந்தகத்தில் குழைத்துச் செங்கல் செய்யும் கலவை அவருடையது. ஒவ்வொரு கல்லையும் நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார்.

நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த இதழுக்கு எழுதி அவர் பெயரைச் சேர்க்க வைத்தேன். ஆயர் ஈத்தாமில் அவர் வீட்டுக்குப் போய், கட்டுரையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். முழுவதும் படித்தார்.

“பேரு கிடக்கட்டும் லா சார். காத்தே இல்லாத இடத்துல வெயில் பட்டா கந்தகம் ஆவியாப் போயிரும். கல்லு உதிர்ந்தா உள்ள இருக்கிறவன் செத்துருவான். அதை ஏன் எழுதல?”

“எனக்குத் தெரியாது.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

அன்றே அவர் சொல்லச் சொல்ல, திருத்தத்தை நான் எழுதினேன்.