சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த வெள்ளிக்கிழமை

போர்ட் பிளேயர் சைக்கிளுக்கு ஏற்ற ஊர் இல்லை. பாதித் தூரம் ஏற்றம், மீதித் தூரம் இறக்கம். ஏற்றத்தில் சைக்கிளை நாம் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட ஊரில் தூரத்திலிருந்து நடந்து பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சைக்கிள் கொடுப்பதென்று சிலர் கூடி முடிவு செய்தார்கள். அவர்களில் பலர் ஜீப்பில் போகிறவர்கள். இருந்தாலும் நல்லவர்கள்.

அந்தச் சங்கத்துக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களுக்கெல்லாம் அது சைக்கிள் கமிட்டிதான். மாற்றலாகி மெயின்லேண்டுக்குக் கப்பலேறும் அதிகாரிகள் தங்கள் சைக்கிள்களை இங்கேயே விட்டுப் போவார்கள். உப்புக் காற்றில் அவை ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். ஜங்லிகாட்டில் ஒரு தகரக் கொட்டகையில் அவற்றைக் கொண்டுவந்து போட்டு, மூன்று உதவாத சைக்கிள்களிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உண்டாக்குவார்கள். அந்த வேலையைச் செய்தவர் கப்பல் பட்டறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு தெலுங்குக்காரர். மிஸ்திரி என்று கூப்பிடுவோம். யாருக்குச் சைக்கிள் என்று முடிவு செய்து நோட்டில் எழுதுகிறவர் ஒரு டாக்டரின் மனைவி, வடநாட்டுக்காரர். அவர் மேம்சாப். இருவரும் ஒரு பைசா வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கொட்டகையில் கழித்தார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கராச்சராமாவைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் நாலு மைல். கமிட்டியிடம் ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. முன்சக்கர மட்கார்டு பச்சை, பின்சக்கரத்துக்குக் கறுப்பு. அதைக் கேட்டு மனுப் போட்ட பெண்பிள்ளைகள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி எங்களுக்கும் அப்பால் இருந்த பெங்காலிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள், என்னைவிட இரண்டு மைல் கூடுதலாக நடக்கிறவள். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட வருவதற்குள் என்னுடைய அப்பா போட்டுவிட்டார். சாத்தம் மில்லில் மரம் அளக்கிற வேலை அப்பாவுக்கு. மேம்சாப் தன்னிடம் எழுந்து நின்று பேசினார் என்பதை அவர் மில்லில் பலரிடம் சொன்னதாகக் கேள்வி.

சைக்கிளுக்கு விதிகள் இருந்தன. அதைப் பிள்ளை மட்டும்தான் ஓட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகத்தான் ஓட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு கொட்டகைக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். விதி மீறினால் சைக்கிள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை என்று நாலு பேர். அத்தை அப்பாவின் தங்கை. இருபத்துநாலு வயது. ராமநாதபுரம் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்து, ஒரு வருஷத்திலேயே புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன காரணம் என்று எனக்குச் சொல்லவில்லை. அப்பா ஊருக்குப் போய் அவளைக் கப்பலில் கூட்டி வந்தார். அதிலிருந்து கப்பல் புறப்படும்போதெல்லாம் அதில் அந்த வீட்டுக்கு அப்பாவின் கடிதம் ஒன்று போகும், அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்லி. பதில் வரும்வரை அத்தை வீட்டோடு இருக்க வேண்டும், பஜார் பக்கம் தலை தெரியக் கூடாது என்பது அப்பாவின் ஏற்பாடு. நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்பார். அந்த நாலு பேரும் மில்லில்தான் இருந்தார்கள்.

அத்தைக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள் நான்தான். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபின், தோப்புக்குள் மூன்று நாள். அவள் ஏறி உட்கார, நான் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இரண்டு முறை தென்னை மரத்தில் மோதினாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பெரியவள் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் அவள் தனியாகப் போனாள். டவுனுக்கு எதிர்த்திசையில், வயல்களை ஒட்டிய மண்ரோட்டில், காலிகட் என்ற கிராமத்துக்கு. கைதிகள் காலத்திலிருந்தே தீவில் இருக்கிற குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அங்கே இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு நின்றவர். அத்தை அவரிடம் இந்தி கற்றுக்கொள்ளப் போனாள். எக்ஸ்சேஞ்சுக்குப் பெண்களை எடுக்கப் போகிறார்கள், பத்தாவது தேறியிருந்தால் போதும், ஆனால் இந்தி பேசத் தெரிய வேண்டும் என்று அந்த அம்மாள்தான் சொல்லியிருந்தார். எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். குளியலறையில் தண்ணீர் சத்தத்துக்கு நடுவே "ஹலோ, நம்பர் ப்ளீஸ்" என்று குரல் கேட்கும். பிறகு கொஞ்சம் மரியாதையான இந்தி. பிறகு மறுபடி தண்ணீர் சத்தம். அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

ஆக, காலையில் சைக்கிள் என்னுடையது, மத்தியானம் அத்தையுடையது. அவள் போகும்போது ஸ்பேனரால் சீட்டை ஏற்றிக்கொள்வாள். வந்ததும் இறக்கி வைப்பாள். சக்கரத்தில் ஒட்டிய வயல்சேற்றைக் கழுவி விடுவாள். அப்பா மில்லிலிருந்து வரும்போது சைக்கிள் எனக்கான உயரத்தில், சுத்தமாக, சுவரில் சாய்ந்து நிற்கும்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். நான் பள்ளிக்கூடம் போய்வருவதைத் தவிர எங்கும் போகவில்லை. மத்தியானம் தோழிகளிடம் காட்டப் போகலாம் என்றால் சைக்கிள் இல்லை. இது யாருக்குக் கொடுத்த சைக்கிள்? என் பெயர்தானே நோட்டில் இருக்கிறது?

ஒருநாள் அத்தை சீட்டை இறக்க மறந்துவிட்டாள். மறுநாள் காலையில் நேரமாகிவிட்டதென்று நான் அப்படியே ஏறி, டாலிகஞ்ச் இறக்கத்தில் கால் எட்டாமல், ரோட்டோரத்துச் சரளையில் விழுந்தேன். முழங்காலில் நல்ல காயம். பாவாடை கிழிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய், முதல் பீரியட் முழுவதும் வெளியே நின்றேன். அத்தை சாயங்காலம் என் காலைப் பிடித்துக்கொண்டு மருந்து போட்டாள். மன்னிப்புக் கேட்டாள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டால் கோபம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

அடுத்து வந்த ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு.

கொட்டகையில் மிஸ்திரி என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். செயின் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நிமிர்த்தி வைத்து, சீட்டுக்குக் கீழே குனிந்தார். சீட்டை இறுக்கும் போல்ட்டின் தலை முனை மழுங்கி உருண்டையாகியிருந்தது. மாதத்துக்கு ஒருமுறை திருகினாலும் அப்படி ஆகாது. அவர் விரலால் அதைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். மேஜைக்குப் பின்னாலிருந்த மேம்சாப்பும் பார்த்தார், என்ன என்று கேட்டார்.

மிஸ்திரி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார். "ஜங் லக் கயா, மேம்சாப். சமுந்தர் கா ஹவா." கடல் காற்றில் துருப்பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று.

நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. தப்பாகச் சொல்கிறாரே, பெரிய மிஸ்திரிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்றுதான் பட்டது. துரு இல்லை, என் அத்தை தினமும் சீட்டை ஏற்றி இறக்குகிறாள், தினமும் மத்தியானம் அவள்தான் ஓட்டுகிறாள், அதனால்தான் நான் விழுந்தேன் என்று, கட்டுப் போட்ட முழங்காலையும் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். மேம்சாப் அத்தையைக் கூப்பிட்டுக் கண்டிப்பார், அதன்பின் சைக்கிள் முழுதாக என்னுடையதாகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

மேம்சாப் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். உண்மை சொன்னதற்காக என்னைப் பாராட்டினார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சைக்கிளைக் கொட்டகையில் ஒப்படைக்க வேண்டும், அது பெங்காலிக் குடியிருப்புப் பெண்ணுக்குப் போகும், கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் என் அப்பாவுக்கு மில் விலாசத்துக்கு ஒரு கடிதம் வரும். அவர் குரலில் கோபமே இல்லை. மிஸ்திரி மழுங்கிய போல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதுகில் ஓர் அறை வைத்தாள். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முழுவதையும் புடைத்து, முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அண்ணனுக்கு லெட்டர் எப்ப வரும்?"

எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்குள் கொடுக்கச் சொன்னார்கள் என்றேன்.

"சரி. வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரேன். நீயும் கூட வா."

பின்னால் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கமிட்டியின் கடிதம் அப்பாவுக்கு வந்தது, ஆனால் அது வருவதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. அவர் அத்தையோடு ஒரு மாதம் பேசவில்லை. காலிகட்டுக்கு அத்தை நடந்தே போய் வந்தாள், எல்லாருக்கும் தெரியவே. எக்ஸ்சேஞ்ச் வேலை முதல் முறை கிடைக்கவில்லை. அடுத்த முறை கிடைத்தது. அதன்பின் பல வருஷம், போர்ட் பிளேயரில் யார் போனை எடுத்தாலும் பாதி நேரம் என் அத்தைதான் நம்பர் கேட்டாள். ஊருக்குப் போய்க்கொண்டிருந்த கடிதங்கள் எந்தக் கப்பலோடு நின்றன என்பதை நான் கவனிக்கவில்லை. அந்தப் பெங்காலிப் பெண் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்தச் சைக்கிளில்தான் வந்தாள். ஏற்றத்தில் அவள் தள்ளிக்கொண்டு போவதை நான் பின்னால் நடந்தபடி பார்ப்பேன். அவளுக்கு அது போயிருக்க வேண்டியதுதான். முதலிலேயே.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை சைக்கிளுக்கு எண்ணெய் விட்டாள், காற்றடித்தாள். தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டாள். கொசுவத்தைத் தூக்கிச் செருகி, சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றினாள். பழைய இரும்பைத் திருப்பிக் கொடுக்கப் போவதற்கு எதற்கு இந்த அலங்காரம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடச் சீருடையிலேயே நான் கேரியரில் உட்கார்ந்தேன். அம்மா தோப்பு முனைவரை வந்து நின்றாள்.

ஏற்றங்களில் இறங்கித் தள்ளினோம். ஜங்லிகாட் வந்தது. கொட்டகையின் தகரக் கூரை ரோட்டிலிருந்தே தெரிந்தது. அத்தை திரும்பவில்லை, நேரே போனாள். நான் முதுகைத் தட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

அபர்தீன் பஜாருக்கு ஏறும் மேட்டில் மறுபடி இறங்கித் தள்ளினோம். மேட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏறி உட்கார்ந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கூண்டைச் சுற்றி, பஜாரின் நட்ட நடுவே ஓட்டிக்கொண்டு போனாள். எங்களுக்கு மளிகை தருகிற கடைக்காரர் தராசைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். துணிக்கடை வாசலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, அத்தையின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். டிலானிபூர், ஹடோ என்று இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடியது. மஞ்சள் புடவை காற்றில் படபடத்து என் முகத்தில் அடித்தது.

சாத்தம் பாலத்தின் முனையில் நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டாள், இறங்கவில்லை. சற்று நேரத்தில் மில் சங்கு ஊதியது. ஆட்கள் பாலத்தின் மேல் கும்பலாக வந்தார்கள், மரத்தூள் படிந்த தலைகளோடு. நடுவில் அப்பா, டிபன் கேரியரோடு, கூட இரண்டு மூன்று பேர். அவர் எங்களைப் பார்த்து நின்றார். கூட வந்தவர்களும் நின்றார்கள்.

"அண்ணே," என்றாள் அத்தை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பாப்பாவோட சைக்கிள திருப்பிக் குடுக்கப் போறோம். இருட்டுறதுக்குள்ள வந்துருவோம்."

அப்பா வாயைத் திறந்தார். அத்தை பெடலை மிதித்தாள்.

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. தீவுக்கு வந்து நாலு வருஷமாகியும் டவுனையே பார்க்காதவள், கொட்டகை கண்ணுக்கு எதிரே இருந்தும் தெரியாமல், ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் அப்பாவிடமே போய் மாட்டிக்கொண்டாளே, அவரிடமாவது வழி கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

ஜங்லிகாட் திரும்பி வந்தபோது மிஸ்திரி கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். அத்தை பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததற்கு ஈடாக, இந்த முறையாவது அவளை மாட்டிவிடக் கூடாது என்று இருந்தது. அவள்மேல் தப்பு இல்லை, பாவம், அவளுக்கு டவுனில் ராஸ்தா தெரியாது, வழி தவறிவிட்டோம் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன்.