புஷ்பம் மிஸ்ஸி யாரிடமும் சொல்லாதது

செய்தி எனக்குப் பாசாரில் கிடைத்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த ராஜு கத்தியை நிறுத்தி, "மணியண்ணே, நம்ம புஷ்பம் மிஸ்ஸி காலையில போயிட்டாங்களாம்லா," என்றான். என் கையிலிருந்த பை விழுந்து இறாலெல்லாம் சிதறியது. அப்படி ஒன்றும் விழவில்லை என்று ராஜு சொல்வான். விழுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸியை வழியனுப்ப இங்கே கூடியிருக்கும் உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட தாதி. மற்றவர்கள் வாசலில் நின்று பேசிய காலத்தில், கட்டிலில் உட்கார்ந்து பேசியவர். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் இங்கிருந்து தாய்லாந்து எல்லைவரை நான் லோரி ஓட்டாத சாலை இல்லை, பேசி மடக்காத போலீஸ்காரன் இல்லை. என்னை மடக்கிய ஒரே ஆள் மிஸ்ஸிதான்.

என்னோடு மாக் மண்டினில் லோரி ஓட்டிய சேகருக்கு அந்த நோய் வந்தது. சாகக் கிடந்தவனுக்கு மூன்று புது மருந்துகள் கொடுத்தார்கள். காலையும் மாலையும் விழுங்க வேண்டும். ஆறே மாதத்தில் எழுந்து மூட்டை தூக்கினான். ஒரே தோளில் இரண்டு மூட்டை என்று ஊரெல்லாம் சொன்னேன். மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. "முழுசாப் போட்டா கிருமி அடங்கிக் கிடக்கும். குறைச்சுப் போட்டா அது மருந்தைப் படிச்சுக்கும். அப்புறம் அதுக்குப் பயம் விட்டுப்போயிரும். வேற மருந்து நம்மகிட்ட இல்லண்ணே," என்றார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாகச் சேகர் வேண்டிக்கொண்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒருவேளைச் சோறு. அப்போது ஓர் ஆள் அவனிடம் சொன்னான்: "சோறு ஒருவேளைன்னா மருந்தும் ஒருவேளை போதும்லா. வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துரும்." சேகர் நம்பினான். மாலை மாத்திரையை விட்டுவிட்டான். அவன் காவடியோடு படியேறியதைப் பார்க்க மயிலே இறங்கி வந்தது.

சித்திரை பிறப்பதற்குள் காய்ச்சல் திரும்பியது. மருந்தை முழுதாகக் கொடுத்தும் கேட்கவில்லை. கிருமி படித்து முடித்திருந்தது. பணக்கார நாடுகளில் மாற்று மருந்து உண்டு என்றார் டாக்டர். ஆடியில் சேகரை எரித்தோம்.

இழவு வீட்டில் நான் வாயைத் திறந்தேன். கெட்டுப்போன மருந்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். மிஸ்ஸி உள்ளே வந்ததும் சேகரின் அக்கா, "எந்தக் குப்பையைக் கொடுத்து என் தம்பியைக் கொன்னீங்க?" என்று கேட்டார். மீந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தவர் மிஸ்ஸி. சாகுமுன் சேகர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியும் இருந்தான். மிஸ்ஸி என்னை ஒருமுறை பார்த்தார். அக்காவிடம், "மன்னிச்சிருங்கம்மா," என்றார்.

மறுவாரம் லோரி நிற்கும் இடத்துக்கே தேடி வந்தார். "உங்க கதையைக் கேட்டு ரெண்டு பேர் மருந்தை நிறுத்திட்டாங்க. உங்க வாய்க்கு ஊரே மயங்குதுல்லண்ணே? அந்த வாயோட புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. நடந்ததைச் சொல்லுங்க."

போனேன். மருந்துக்குக் காத்திருந்தவர்களிடம் சேகரின் கதையைச் சொன்னேன். நிறுத்திய இருவரும் மறுபடி தொடங்கினார்கள். நல்லவேளை, அவர்களுக்கு மருந்து இன்னும் கேட்டது. ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். யாரென்று சொன்னால் மிஸ்ஸி எழுந்து வந்து அடிப்பார்.

அன்றுமுதல் ஒவ்வொரு புதனும் சொன்னேன். காவடி உயர்ந்துகொண்டே போனது. மயில் இரண்டாயிற்று. ஒருவேளை போதும் என்று சொன்னவன் யார் என்று கேட்டால், பத்து காவான் ஊர்க்காரன் ஒருத்தன், அவனும் செத்துப்போனான் என்பேன். பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும் மிஸ்ஸி வாய் திறந்ததில்லை. ஒரே ஒருமுறை, எல்லோரும் போனபின், "அந்த ஆளை எப்பண்ணே உயிரோட கொண்டு வரப் போறீங்க?" என்றார். அடுத்த புதன் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ புதன்கள் போய்விட்டன.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் புதன்கிழமை நாற்காலி. இந்த வாரமும் போய் உட்காருவேன். ஆனால் மயில் வராது. மயில் வரவே இல்லை. இறாலும் சிதறவில்லை, ராஜு சொல்வதுதான் சரி.

சேகரின் அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அக்கா, மருந்து கெடவில்லை. மிஸ்ஸி உங்களிடம் மன்னிப்புக் கேட்டது என் பொய்க்காக. உங்கள் தம்பியிடம் ஒருவேளை போதும் என்று சொன்ன ஆள் பத்து காவானில் இல்லை. நான்தான் சொன்னேன்.