பெயர் போடாத செய்தி

நான் நாகர்கோவிலில் அரசியல் நிருபராக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. ஊர்வலத்தில் காவலர் அடித்து ஒருவர் இறந்ததைத் திருவட்டாறு பக்கத்துப் பனையேறி செல்லையன் நேரில் பார்த்திருந்தார். பெயர் வராது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகே பேசினார்.

பெயரையும் ஊரையும் மறைத்தேன். ஆனால் அவர் வார்த்தைக்கு வார்த்தை சொல்லும் "பனையாணை" என்ற சத்தியத்தை அப்படியே அச்சில் விட்டேன்.

சந்தையில் ஒருவர் அந்தச் செய்தியை உரக்க வாசித்தபோது, "ஏலே, பனையாண போடியது நம்ம செல்லையனாக்கும்!" என்று கூட்டம் சிரித்ததாம். அருகில் நின்ற காவலர் சிரிக்கவில்லை. செல்லையனை அன்றே பிடித்துச் சென்றார்கள். பத்தாம் நாள் உடலைத்தான் கொடுத்தார்கள்.

அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். "பேரு போடமாட்டேன்னீரு. அவருக்க பேச்சையே போட்டுட்டீரே, சாரே?" என்றார்.

அந்தச் சொல்லை நீக்கிவிடலாமா என்று எழுதும்போதே எனக்குத் தோன்றியது. செய்தியின் அழகு போய்விடுமே என்று விட்டுவிட்டேன். இதை அவரிடம் நான் சொல்லவில்லை.